மன்னித்த பிறகும் வழக்குப் போடலாமா? – வாசகர் கேள்வி பதில்

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து நாட்கள் தொடங்கிவிட்டால் இந்தப் பகுதிக்கு வருகிற கடிதங்களின் தொனியே மாறிவிடும். பெரிய வெள்ளியன்று மும்மணி ஆராதனையில் உட்கார்ந்து, சிலுவையில் ஆண்டவர் பேசிய முதல் வார்த்தையே மன்னிப்புதான் என்று கேட்கப்போகிறோமே, அதற்குள் இந்த ஒரு ஆளோடு உள்ள கணக்கை என்ன செய்வது என்று எழுதுகிறார்கள். இந்த மாதம் அப்படி வந்த கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். எழுதியவர்கள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அக்காவுக்கு ஸ்தோத்திரம். அப்பா இறந்த பிறகு, "வீட்டு பேரில் லோன் போடணும், ஒரு கையெழுத்துதான்" என்று அண்ணன் என்னைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். வாசித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன், ரேகையும் வைத்தேன். போன வருஷம் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தால் அது என் பங்கை விட்டுக்கொடுத்ததாக எழுதின விடுதலைப் பத்திரம். கேட்டதற்கு, "உனக்குத்தான் நகையும் ரொக்கமும் கொடுத்துக் கட்டிக்கொடுத்தாச்சே" என்கிறார். அம்மா அந்த வீட்டில்தான் படுக்கையில் இருக்கிறார், அவரைப் பார்க்க நான் போய்த்தான் ஆகவேண்டும். மதினி கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விடுகிறார். கோர்ட்டுக்குப் போகலாம் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். சபை மூப்பர் ஒருவர், "விசுவாசி விசுவாசி மேல் வழக்குப் போடக்கூடாது, மன்னித்துவிடு, கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்கிறார். நான் மன்னித்தால் என் பங்கை விட்டுவிட வேண்டுமா?
— ஒரு சகோதரி, கன்னியாகுமரி மாவட்டம்

விட்டுவிட வேண்டியதில்லை, தங்கச்சி.

மன்னிப்பது என்றால் அண்ணன் செய்ததற்குப் பழிவாங்கும் உரிமையைக் கர்த்தர் கையில் கொடுத்துவிடுவது. அவர் நாசமாய்ப் போகட்டும் என்று நினைப்பதை விடுவது, அவர் பிள்ளைக்கு ஒரு வரன் தட்டிப்போனது என்று கேள்விப்பட்டால் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப்பார்க்குமே, அதற்கு இடம் கொடுக்காமல் இருப்பது. இதை அண்ணன் கேட்காமலேயே நீங்கள் செய்யலாம், அவர் வருந்தும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஆனால் உங்களை ஏமாற்றி எழுதி வாங்கிய ஒரு பத்திரத்தை "ஆமாம், நான் மனசார எழுதிக் கொடுத்ததுதான்" என்று ஊர் முன்னால் ஆக்கிவிடுவது மன்னிப்பில் சேராது. அது பொய்க்கு உடந்தையாக நிற்பது.

மூப்பர் சொன்ன வசனம் 1 கொரிந்தியர் 6-ஆம் அதிகாரம். அதை நான் மதிக்கிறேன், ஆனால் அவர் பாதியில் நிறுத்திவிட்டார் என்று நினைக்கிறேன். ஏன் நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது என்று பவுல் கேட்பது 7-ஆம் வசனம். அதற்கு முன்னால் 5-ஆம் வசனத்தில், சகோதரருக்குள் வழக்கைத் தீர்த்துவைக்க உங்களில் ஒரு விவேகிகூட இல்லையா என்று சபையைப் பார்த்து வெட்கப்படும்படி கேட்கிறார். அதற்குப் பின்னால் 8-ஆம் வசனத்தில், நீங்களே அநியாயம் செய்கிறீர்கள், சகோதரருக்கே நஷ்டம் உண்டாக்குகிறீர்கள் என்று ஏமாற்றியவனைப் பிடித்துக் கடிந்துகொள்கிறார். ஆக, அந்த மூப்பர் அந்த அதிகாரத்தை எடுத்துக்கொண்டு முதலில் போகவேண்டிய வீடு உங்கள் அண்ணன் வீடு. ஏமாந்தவளிடம் மட்டும் வசனம் சொல்லி, ஏமாற்றியவனுக்குச் சேகரக் கமிட்டியில் நாற்காலி போட்டுக் கொடுக்கிற பழக்கம் நம் சபைகளில் இருக்கிறது, அது எனக்குக் கோபத்தை உண்டாக்குகிறது.

சரி, செய்யவேண்டியதைப் பார்ப்போம். மத்தேயு 18-இல் ஆண்டவர் வழி காட்டியிருக்கிறார். பேதுரு வந்து எத்தனை தரம் மன்னிக்கவேண்டும் என்று கேட்பதற்குச் சற்று முன்னால்தான் அது வருகிறது: முதலில் நீயும் அவனும் தனியாக இருக்கும்போது குற்றத்தை அவனுக்கு உணர்த்து, கேட்காவிட்டால் ஓரிருவரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல். அண்ணனிடம் நீங்கள் தனியாகப் பேசியாயிற்று. இனி உங்கள் குடும்பத்தில் அவர் மதிக்கிற ஒருவரை, பெரியப்பாவோ தாய்மாமாவோ, வில்லங்கச் சான்றின் நகலோடு கூட்டிக்கொண்டு போங்கள். போதகரிடமும் ஒருமுறை நேரில் சொல்லுங்கள்.

இதையெல்லாம் செய்துகொண்டே இன்னொரு பக்கம் ஒரு வக்கீலைப் பார்த்துவிடுங்கள், இதை ஒத்திப்போட வேண்டாம். கிறிஸ்தவர்களின் சொத்துக்கு 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான். உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. அதில் மகன், மகள் வித்தியாசம் இல்லை. "மகளுக்கு நகை போட்டாச்சு, அதோடு சரி" என்பது உங்கள் பக்கத்தில் பழைய திருவிதாங்கூர் காலத்துப் பழக்கம். 1916-இல் வந்த திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் மகளுக்கு மகனின் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் என்று வைத்திருந்தது. அந்தச் சட்டம் 1951-இலேயே செல்லாமல் போய்விட்டது என்று மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986-இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அப்புறம், ஏமாற்றி வாங்கிய பத்திரத்தை ரத்துசெய்யக் கேட்பதற்கு, அந்த ஏமாற்று உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து மூன்று வருஷம்தான் கெடு. உங்களுக்குத் தெரிந்தது போன வருஷம். "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சும்மா இருந்தால் அந்தக் கெடு தாண்டிப்போகும்.

வக்கீல் நோட்டீஸ் போவதற்கு முன்னால் அண்ணனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். "அண்ணே, உன் மேல் எனக்குப் பகை இல்லை, உனக்காக ஜெபிக்கிறேன், ஆனா அந்தப் பத்திரம் சரியில்லை, அதை நான் விடப்போறதில்லை" என்று முகத்தைப் பார்த்துச் சொன்னால் போதும். அம்மாவைப் பார்க்கப் போவதை நிறுத்தாதீர்கள். அம்மா பக்கத்தில் இருக்கும்போது சொத்துப் பேச்சை எடுக்காதீர்கள், அவர்கள் எடுத்தாலும் எழுந்து வெளியே வந்துவிடுங்கள். வழக்கு நடக்கிற காலத்திலும் மதினிக்குக் காய்ச்சல் என்றால் ரசம் வைத்து எடுத்துக்கொண்டு போக உங்கள் கை தயங்காது என்றால், நீங்கள் மன்னித்துவிட்டீர்கள். கையெழுத்தைத் திரும்பக் கேட்பதால் அது இல்லாமல் போகாது.

என் கூட்டாளி ஒருவன் என்னைத் தொழிலில் கவிழ்த்துவிட்டான். முழங்காலில் நின்று "அவனை மன்னிக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். ஆனாலும் அவன் கடை வழியாகப் போகும்போது வயிறு எரிகிறது. அப்படியானால் நான் மன்னிக்கவே இல்லையா?
— ஒரு சகோதரர், தூத்துக்குடி

மன்னித்தீர்கள் தம்பி. ஆனால் ஒரே நாளில் முடிந்துவிடும் என்று உங்களுக்கு யாரோ தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அண்ணன்மாரால் அடிமையாக விற்கப்பட்ட யோசேப்பைப் பாருங்கள். எகிப்தில் தலைப்பிள்ளை மனாசே பிறந்தபோது, என் வருத்தம் யாவையும் என் தகப்பன் வீட்டையும் மறக்கும்படி தேவன் செய்தார் என்று சொன்னவர் அவர். அதன்பின் சில வருஷம் கழித்து, தானியம் வாங்க அண்ணன்மார் வந்து முன்னால் குனிந்து நின்றதும் எல்லாம் அப்படியே திரும்பி வந்துவிட்டது. ஒருதரம் ஒதுங்கிப்போய் அழுகிறார், இன்னொருதரம் அறைக்குள் போய் அழுது முகம் கழுவிக்கொண்டு வந்து சாப்பாடு வைக்கச் சொல்கிறார். மறந்துவிட்டேன் என்று உண்மையாகவே நினைத்த மனிதர்தான். ஞாபகம் வந்ததற்காக வேதம் அவரை எங்கேயும் குறை சொல்லவில்லை. யோசேப்பு உடனே ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவும் இல்லை என்பதையும் கவனியுங்கள். அவர்கள் மாறியிருக்கிறார்களா என்று சோதித்துப் பார்த்தார். பென்யமீனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று யூதா முன்வந்து நின்ற பிறகுதான், அதுவரை அடக்கியதை அடக்கமாட்டாமல், நான்தான் யோசேப்பு என்றார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எத்தனை தரம் மன்னிக்கவேண்டும் என்று கேட்ட பேதுருவுக்கு ஏழெழுபது தரம் என்று சொன்ன கையோடு ஆண்டவர் சொல்கிற உவமையில், ஒரு வேலைக்காரனுக்கு ராஜா பதினாயிரம் தாலந்து கடனை விட்டுவிடுகிறார், அவனோ வெளியே போய் நூறு வெள்ளிப்பணத்துக்காக உடன்வேலைக்காரனின் தொண்டையைப் பிடிக்கிறான். அந்த நூறு வெள்ளிப்பணத்தை நம் பிரசங்கங்களில் அற்பக் காசு மாதிரிச் சொல்லிவிடுகிறார்கள். ஒரு வெள்ளிப்பணம் அன்றைக்கு ஒருநாள் கூலி. நூறு நாள் கூலி என்றால் இன்றைக்கு ஒரு கொத்தனார் கணக்கில் லட்ச ரூபாய்க்குக் கிட்டே வரும், அதை இழந்தவனுக்கு வயிறு எரியத்தான் செய்யும். உங்கள் நஷ்டம் சின்னது என்று ஆண்டவர் சொல்லவில்லை. ஒரு தாலந்துக்கு ஏறக்குறைய ஆறாயிரம் வெள்ளிப்பணம், அப்படிப் பதினாயிரம் தாலந்து என்றால் ஆறு கோடி நாள் கூலி. அவ்வளவு பெரியது நமக்கு விடப்பட்டிருக்கிறது, அதன் பக்கத்தில் வைத்து இதைப் பார் என்கிறார்.

எரிகிறபோதெல்லாம் அந்த இடத்திலேயே, பைக்கை ஓட்டிக்கொண்டே, "ஆண்டவரே, இதை உம்மிடம் கொடுத்தது கொடுத்ததுதான்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். எத்தனை தரம் சொல்லவேண்டி வந்தாலும் சொல்லுங்கள். ஏழெழுபது என்பது அவன் செய்கிற புதுத் தப்புகளுக்கு மட்டும் என்று நான் நினைக்கவில்லை, ஒரே பழைய தப்பு நமக்குள் திரும்பத் திரும்ப எழும்பும்போதும் அது வேண்டியிருக்கிறது. ஆனால் அவனோடு மறுபடி பார்ட்னராகச் சேரவேண்டியதில்லை, அந்தப் பயம் வேண்டாம்.

என் கணவர் குடித்துவிட்டு வந்து அடிக்கிறார். காலையில் எழுந்து காலைப் பிடித்து அழுகிறார், "இனிமேல் தொடமாட்டேன்" என்கிறார். அடுத்த வாரம் அதே கதை. பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்கிறார்கள். உபவாச ஜெபத்தில் சொன்னேன். "ஏழெழுபது தரம் மன்னிக்கணும், பொறுமையாக இருந்து அவரை ஆதாயப்படுத்திக்கொள்" என்றார்கள். எனக்கு உயிர்ப் பயமாக இருக்கிறது அக்கா.
— பெயர், ஊர் வேண்டாம்

முதலில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாதுகாப்பான ஓர் இடத்துக்குப் போங்கள், அம்மா வீடோ அக்கா வீடோ. போக இடமில்லை என்றால் 181 என்ற எண்ணுக்குப் பேசுங்கள், பெண்களுக்கான உதவி எண் அது, இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள். அடி விழுந்துகொண்டிருக்கிற நேரமென்றால் 112. 2005-இல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுத்தால் உடனே அவரை ஜெயிலில் போட்டுவிடுவார்களோ, குடும்பம் உடைந்துவிடுமோ என்று பலர் பயந்துபோய்ச் சும்மா இருந்துவிடுகிறார்கள். அந்தச் சட்டத்தில் நீங்கள் கேட்கக்கூடியது வேறு: அவர் உங்களை நெருங்கித் துன்புறுத்தக் கூடாது என்ற உத்தரவு, அந்த வீட்டிலேயே நீங்கள் குடியிருக்கும் உரிமை, உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் செலவுக்குப் பணம். மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார், அவர் மூலமாக மனு கொடுக்கலாம்.

அந்த ஜெபக்கூட்டத்துச் சகோதரிகள் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அவர்கள் சொன்னது தப்பு, ஆபத்தான தப்பு. அடி வாங்குவதற்கு உடம்பைக் கொடுத்துக்கொண்டே இரு என்று ஆண்டவர் யாருக்கும் சொல்லவில்லை. தன்னைக் கொல்லத் தேடிய சவுல் ராஜாவை இரண்டுதரம் கொல்ல வாய்ப்பிருந்தும் தாவீது கைவைக்கவில்லை. அதைவிடப் பெரிய மன்னிப்பு வேறென்ன? இரண்டாம் தரம் சவுல், என் குமாரனாகிய தாவீதே, திரும்பி வா, இனி உனக்குப் பொல்லாப்புச் செய்யமாட்டேன் என்று அழைக்கிறான். தாவீது போகவில்லை. சவுலிடமிருந்து எடுத்திருந்த ஈட்டியைத் திருப்பிக் கொடுத்தார், அதைக்கூடத் தாமே கொண்டுபோய்க் கொடுக்காமல், உன் ஆள் ஒருவன் வந்து வாங்கிக்கொண்டு போகட்டும் என்றார். அந்த 1 சாமுவேல் 26-ஆம் அதிகாரம் எப்படி முடிகிறது தெரியுமா? தாவீது தன் வழியே போனான், சவுலும் தன் இடத்துக்குத் திரும்பினான். மன்னித்தார், தூரமாகவும் இருந்தார், வேதம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது.

காலையில் விழுகிற கண்ணீர் பொய் என்று நான் சொல்லமாட்டேன். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மனந்திரும்புதலுக்கு ஏற்ற கனிகளைக் கொடுங்கள் என்று யோவான்ஸ்நானன் கேட்டாரே, அந்தக் கனி கண்ணீர் இல்லை. குடிநோய்க்கு அவராகவே ஆஸ்பத்திரிக்குப் போய் வைத்தியம் எடுத்துக்கொள்வது, சம்பளத்தை வீட்டில் கொடுப்பது, நீங்கள் பிரிந்திருக்கிற மாதங்களில் வந்து கதவைத் தட்டிக் கலாட்டா பண்ணாமல் இருப்பது, இதெல்லாம்தான். இவை நிலைத்து நிற்கிறதா என்று பார்க்க ஒரு வருஷமாவது ஆகும். அதுவரை அவருக்காக ஜெபியுங்கள், தூரத்திலிருந்து ஜெபித்தாலும் ஆண்டவருக்குக் கேட்கும். இதை வாசிக்கிற போதகர்களுக்கும் போதகர் அம்மாமார்களுக்கும் ஒரு வேண்டுகோள்: காயத்தோடு வருகிற பெண்ணுக்கு வசனம் சொல்வதற்கு முன்னால் இன்றைக்கு ராத்திரி எங்கே படுப்பாய் என்று கேளுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் பாலியல் துன்பம் நடந்ததாக உங்களுக்குத் தெரியவந்தால், மன்னிப்பு, சபையின் பெயர் என்றெல்லாம் பேசிக்கொண்டிருக்கவே கூடாது. 2012-இன் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் போலீசில் சொல்லியே ஆகவேண்டும், மறைத்தால் அதுவே குற்றம்.

நான் போய்ச் சமாதானம் பேசியும் என் தங்கை முகம் கொடுக்கவில்லை. நான் திருவிருந்து எடுக்கலாமா?
— ஒரு வாசகி, வேலூர்

எடுங்கள். கூடுமானால், உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள் என்கிறது ரோமர் 12:18. உங்களால் ஆனதைச் செய்துவிட்டீர்கள், மீதி அவர் பக்கத்தில் இருக்கிறது.

ஆனால் பந்தியில் சேராமல் பின்னால் உட்கார்ந்துகொள்கிற பலரிடம் நான் கவனித்த ஒன்று உண்டு. காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்று மத்தேயு 5-இல் வருகிறதே, அது யாருக்குச் சொன்னது? உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால் என்று இருக்கிறது. அதாவது, தப்புச் செய்தவர் எழுந்து போகவேண்டும். நம் ஊரில் காயம்பட்டவர்தான் அந்த வசனத்தைக் கேட்டு அழுதுகொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், காயப்படுத்தியவர் முன்னால் போய் முழங்கால் போட்டுவிட்டு வருகிறார்.

கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மையாரைப் பற்றிப் பிரசங்கத்தில் கேட்டேன். கணவரையும் இரண்டு பையன்களையும் எரித்தவர்களை மன்னித்தார்களாம். இதெல்லாம் பரிசுத்தவான்களுக்குத்தானே முடியும்? நம்மை மாதிரி ஆட்களால் ஆகுமா? அப்படி மன்னித்தால் குற்றவாளிகளுக்குக் குளிர்விட்டுப் போகாதா?
— கல்லூரி மாணவர், மதுரை

1999 ஜனவரி 22 ராத்திரி, ஒடிசாவில் மனோகர்பூர் என்கிற கிராமம். கிரகாம் ஸ்டெயின்ஸ் குஷ்டரோகிகள் நடுவில் பல வருஷம் ஊழியம் செய்த ஆஸ்திரேலியர். குளிருக்கு வண்டிக்குள்ளேயே படுத்திருந்த அவரையும் பிலிப், தீமோத்தி என்ற இரண்டு பையன்களையும் வண்டியோடு எரித்தார்கள். பையன்களுக்குப் பத்து வயதும் ஆறு வயதும். மன்னிக்கிறேன் என்று கிளாடிஸ் அம்மையார் சொன்னதைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். அதன் பிறகு நடந்தவற்றை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. மகள் எஸ்தரோடு அவர் ஊரைவிட்டுப் போய்விடவில்லை. 2004 வரை பாரிபதாவில் அந்த நோயாளிகளுக்கு நடுவிலேயே இருந்தார். 2005-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்தப் பக்கம் வழக்கும் நடந்துகொண்டுதான் இருந்தது. முக்கியக் குற்றவாளிக்கு விசாரணை நீதிமன்றம் 2003-இல் மரண தண்டனை கொடுத்தது, உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது, 2011-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. கிளாடிஸ் அம்மையார் அந்த வழக்குக்குக் குறுக்கே நிற்கவில்லை. மன்னிப்பையும் குற்றத்தின் விளைவையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது என்று அவரே சொன்னார். குற்றவாளிக்குக் குளிர்விட்டுப் போக வைக்கிற பேச்சா இது?

மத்தியப் பிரதேசத்தில் ஊழியம் செய்த சகோதரி ராணி மரியாவின் கதையும் இருக்கிறது. கேரளத்துக் கன்னியாஸ்திரி. 1995 பிப்ரவரி 25-இல் ஓடுகிற பஸ்ஸில் வைத்துக் குத்திக் கொன்றார்கள். 2002-இல் அவருடைய தங்கை, அவரும் கன்னியாஸ்திரிதான், ஜெயிலுக்குப் போய்க் குத்தியவரின் கையில் ராக்கி கட்டினார். கவனியுங்கள், ஏழு வருஷம் கழித்து. அந்த ஆள் ஜெயிலில் இருந்தபோது. தண்டனை ஒரு பக்கம் ஓடுகிறது, மன்னிப்பு இன்னொரு பக்கம் நடந்துகொண்டு வருகிறது. இலங்கையிலும் இதைப் பார்த்தோம். 2019 ஈஸ்டர் அன்று, ஏப்ரல் 21, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஓய்வுநாள் பள்ளி முடிந்து நின்ற பிள்ளைகள் குண்டுவெடிப்பில் போய்விட்டார்கள். கொழும்பிலும் நீர்கொழும்பிலும் அதே காலையில். அடுத்த ஈஸ்டருக்குக் கர்தினால் மல்கம் ரஞ்சித், தாக்கியவர்களை மன்னித்தோம் என்றார். அதே கர்தினால்தான் இதற்குப் பின்னால் யார் இருந்தார்கள், தெரிந்தும் தடுக்காதவர்கள் யார் என்று வருஷக்கணக்காக விடாமல் கேட்டார்.

பரிசுத்தவான்களுக்குத்தானே முடியும் என்கிறீர்கள். அப்படி ஒதுக்கி வைத்துவிட்டால் நமக்குச் சௌகரியம், அதனால்தான் நான் அதை ஏற்கமாட்டேன். அந்த அம்மையாரும் அன்றைக்குக் காலையில் ஒரு சாதாரணத் தாயாகத்தான் எழுந்தார். உங்களுக்கு நாளைக்கு வரப்போவது அவ்வளவு பெரிய சோதனையாக இருக்கவேண்டாம், ஹாஸ்டல் அறையில் உங்களைப் பற்றிக் கதை கட்டிவிட்டவனோடு மெஸ்ஸில் ஒரே மேஜையில் உட்காருவதில் தொடங்குங்கள்.

பல வருஷத்துக்கு முன் என் தம்பி மனைவியைப் பற்றித் தப்பாகப் பேசிப் பரப்பினேன். அதனால் அவர்கள் குடும்பத்தில் பெரிய சண்டை வந்தது. இப்போது உறுத்துகிறது. வருஷக் கடைசி இரவு ஆராதனையில் கைகொடுத்து, "தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாவது செஞ்சிருந்தா மன்னிச்சிடு" என்று சொன்னேன். அவள் சும்மா தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். இது போதுமா?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

போதாது அம்மா. நீங்கள் தெரிந்துதானே செய்தீர்கள்? டிசம்பர் 31 ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஆளாளுக்கு அந்த ஒரு வரியைச் சொல்லிக் கைகுலுக்கிவிட்டுக் கேக் வாங்கிக்கொண்டு போகிறோம், அதில் யாரும் எதையும் ஒப்புக்கொள்வதில்லை. அவள் தலையாட்டிவிட்டுப் போனது நியாயம்.

வீட்டுக்குப் போங்கள். பலகாரம், பழம் எல்லாம் கொண்டுபோகாதீர்கள், அதை வாங்கிக்கொண்டதாலேயே மன்னித்ததாக ஆகிவிடும் என்ற சங்கடம் அவளுக்கு வரும். என்ன சொன்னீர்கள், யாரிடம் சொன்னீர்கள், அது பொய் என்று தெரிந்தே சொன்னீர்களா, இதை அப்படியே சொல்லுங்கள். "ஆனா அப்ப நீயும்..." என்று ஒரு வார்த்தைகூட வரக்கூடாது. அப்புறம் முக்கியமானது: அந்தப் பொய்யை யார் யாரிடம் சொன்னீர்களோ அவர்களிடமும் போய், நான் சொன்னது பொய் என்று சொல்லவேண்டும். கஷ்டம்தான், தெரியும். எண்ணாகமம் 5-இல் குற்றத்தை அறிக்கையிட்டு, பறித்ததை முழுசாகத் திருப்பிக் கொடுத்து, அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துக் கொடு என்று இருக்கிறது. வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றார். நீங்கள் பறித்தது அவளுடைய பேர், அதைத் திருப்பிக் கொடுக்க வேறு வழி இல்லை.

அவள் மன்னிக்க வருஷம் ஆகலாம், மன்னிக்காமலும் போகலாம். அவசரப்படுத்தாதீர்கள். "நான்தான் மன்னிப்புக் கேட்டேனே" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லி அவளைக் கெட்டவளாக்கிவிடாதீர்கள், அது முதல் குற்றத்தையே மறுபடி செய்வது.

இறந்துபோன என் அப்பாவை எப்படி மன்னிப்பது? கேட்கவும் ஆள் இல்லை, சொல்லவும் ஆள் இல்லை.
— ஒரு வாசகர், திருச்சி

அவர் செய்ததை ஒரு தாளில் எழுதுங்கள், மென்மையாக்காமல் எழுதுங்கள். சங்கீதம் 55-ஐ வாசித்துப் பாருங்கள், என்னை நிந்தித்தவன் சத்துரு என்றால் சகித்திருப்பேன் என்று சொந்த மனிதரால் காயப்பட்டவன் கதறுகிறான், அதையும் ஆண்டவர் ஜெபமாகத்தான் வைத்திருக்கிறார். எழுதியதை நம்பிக்கையான ஒருவர் முன்னால் ஒருதரம் சத்தமாக வாசித்து, "இதை இனி அவரிடம் கேட்கமாட்டேன்" என்று சொல்லி முடியுங்கள். இறந்தவரைப் பற்றிக் குறை சொல்லக்கூடாது என்று யாராவது அடக்கினால் கேட்காதீர்கள். நடக்கவே இல்லை என்று மறைத்து வைத்த ஒன்றை எப்படி மன்னிக்க முடியும்?

எங்கள் சபையில் கமிட்டித் தேர்தலுக்குப் பிறகு இரண்டு அணி. பத்து வருஷம் ஒன்றாகப் பாடிய கொயர் உடைந்துவிட்டது. சபையின் அசன விருந்தில்கூட எங்கள் ஆட்கள் ஒரு பந்தி, அவர்கள் ஒரு பந்தி. நான் ஜெயித்த அணியில் இருக்கிறேன். யார் முதலில் இறங்கி வருவது?
— ஒரு சகோதரர், திருநெல்வேலி மாவட்டம்

ஜெயித்தவர்கள். தோற்றவர் முதலில் வந்தால் அது சரணடைந்ததாக ஆகிவிடும், அதனால் வரமாட்டார்.

பிலிப்பியர் 4-இல் எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு சகோதரிகளைப் பவுல் பேர் சொல்லியே எழுதுகிறார், சபையில் எல்லாருக்கும் முன்னால் வாசிக்கப்படுகிற கடிதத்தில். கர்த்தருக்குள் ஏகசிந்தையாயிருங்கள் என்று புத்திசொன்னதோடு நிறுத்தாமல், அவர்களுக்கு உதவியாயிரு என்று இன்னொருவரையும் கேட்டுக்கொள்கிறார். உங்கள் சண்டைக்கும் அப்படி நடுவில் நிற்க, ஓட்டு யாருக்குப் போட்டார் என்று யாரும் சந்தேகப்படாத ஒரு பெரியவரைத் தேடுங்கள். பவுலுக்கே, மாற்கைக் கூட்டிக்கொண்டு போவதா வேண்டாமா என்பதில் உடன் ஊழியர் பர்னபாவோடு கடும் பிரிவு வந்து, ஆளுக்கொரு பக்கம் போனவர்கள்தான். கடைசிக் காலத்தில் அந்த மாற்கையே, எனக்குப் பிரயோஜனமானவன், கூட்டிக்கொண்டு வா என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். அதே அதிகாரத்தில், கன்னானாகிய அலெக்சந்தர் எனக்கு வெகு தீமை செய்தான், அவனைக் குறித்து நீயும் எச்சரிக்கையாயிரு என்றும் எழுதுகிறார். எல்லாரோடும் ஒரே மாதிரி ஒட்டவேண்டியதில்லை. ஆனால் உங்கள் சபையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் மாற்குகள்தான் என்று நினைக்கிறேன். ஓட்டுக் கேட்டு வந்தவர்களின் முகத்துக்காக ஒரு பக்கம் சாய்ந்தவர்கள்.

அசனத்துக்கு முன்னாலேயே போங்கள், கொயரில் உங்களுக்குப் பக்கத்தில் நின்றவர் யாரோ அவர் வீட்டுக்கு. ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு வேண்டாம், வாசலில் எல்லாரும் நின்று பார்ப்பார்கள், அவருக்கும் சங்கடம். சனிக்கிழமை சாயங்காலம் போங்கள். தேர்தலில் உங்கள் அணி அவரைப் பற்றிப் பேசியதில் எது தப்போ அதை ஒப்புக்கொள்ளுங்கள். காப்பி கொடுத்தால் குடித்துவிட்டு வாருங்கள், கொடுக்காவிட்டால் அடுத்த சனிக்கிழமையும் போங்கள்.